சபைக்குப் புதிதாக வருகிறீர்களா? எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும், எங்கே தொடங்க வேண்டும்

நான் முதன்முதலாக ஒரு சபைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. எப்போது எழுந்து நிற்பது, எப்போது உட்காருவது என்று தெரியாமல் முன்னால் இருந்தவரின் முதுகையே பார்த்துக்கொண்டு, அவர் எழுந்தால் எழுந்து, உட்கார்ந்தால் உட்கார்ந்துகொண்டிருந்தேன். பாட்டு எண்ணைச் சொன்னார்கள், நான் பக்கத்தைத் தேடுவதற்குள் இரண்டாவது சரணம் வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒன்றும் சொல்லாமல் தன் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, பாடிக்கொண்டிருந்த வரியில் விரலை வைத்தார். அந்த விரல் வரிக்கு வரி நகர்ந்துகொண்டே போனது. அடுத்த வாரம் நான் போகவில்லை. அதற்கடுத்த வாரம் போனபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்: "என்ன தம்பி, போன வாரம் காணோமே, உடம்புக்கு ஏதாவதா?"

ஒரே ஒரு நாள் வந்த ஆள் நான். பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆனாலும் நான் இல்லாதது தெரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு பல வருடங்கள் சபையில் இருந்து, வரவேற்புக் குழு, கமிட்டி என்று பல இடங்களில் உட்கார்ந்து எழுந்துவிட்டேன். யாராவது புதிதாக வந்து "ஒரு சபை நல்ல சபையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டால் இன்றைக்கும் நான் முதலில் சொல்வது இதுதான்: அங்கே யார் வரவில்லை என்பது யாருக்காவது தெரிகிறதா என்று பாருங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து ஒவ்வொன்றாகத் தெரியவரும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில், போவதற்கு முன்னால்

சபை என்றால் கட்டடம் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள், சொல்லிவிட்டுக் கட்டடத்தைப் பற்றியே பேசுவார்கள். புதிய ஏற்பாட்டில் சபைக்கு வரும் கிரேக்கச் சொல் எக்ளேசியா. நகரத்து மக்கள் கூப்பிட்டதும் ஒன்றாகக் கூடும் கூட்டத்துக்கு அந்தக் காலத்தில் இருந்த சாதாரணப் பெயர் அது. கூடுகிற மனிதர்கள்தான் சபை. முதல் மூன்று நூற்றாண்டுகளில் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் வீடுகளில்தான் கூடினார்கள். சிரியாவில் யூப்ரடீஸ் நதிக்கரையில் துரா யூரோப்போஸ் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது, மூன்றாம் நூற்றாண்டில் சபையாக மாற்றப்பட்ட ஒரு வீடு 1930களில் கிடைத்தது. இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள், இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி. அவ்வளவுதான். அந்த மாதிரி ஓர் இடத்தில் ஒருவர் வராவிட்டால் அது எல்லோருக்கும் தெரிந்துதான் இருக்கும்.

சொற்கள் குழப்பும், அதையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர்கள் திருப்பலி, மறையுரை, நற்கருணை, திருமுழுக்கு என்பார்கள். மற்ற சபைகளில் ஆராதனை, பிரசங்கம், திருவிருந்து, ஞானஸ்நானம் என்று கேட்பீர்கள். குரு, ஆயர், போதகர், பாஸ்டர், மூப்பர் என்று பொறுப்பில் இருப்பவருக்கும் பல பெயர்கள். ஒரு சொல் புரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள், தயங்க வேண்டாம். கேட்டதற்கு முகம் சுளித்தால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஓர் அளவுகோலைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்

சபை எதற்காக இருக்கிறது என்பதற்கு ஒவ்வொரு சபையும் ஒரு வாசகம் வைத்திருக்கும், சுவரில் எழுதியும் இருக்கும். அதைப் படியுங்கள், தப்பில்லை. ஆனால் அதற்கு முன்னால் அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். எருசலேமில் உருவான முதல் சபை எதில் உறுதியாக இருந்தது என்று 42ஆம் வசனம் நான்கு விஷயங்களைச் சொல்கிறது: அப்போஸ்தலருடைய உபதேசம், அந்நியோந்நியம், அப்பம் பிட்குதல், ஜெபம். அந்நியோந்நியம் என்ற இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் கொய்னோனியா. கைகுலுக்கி நலம் விசாரிப்பதைவிட அது மிகவும் பெரியது, ஒருவருக்கு இருப்பதில் மற்றவருக்கும் பங்கு என்ற பொருள் அதில் இருக்கிறது. அடுத்த சில வசனங்களிலேயே சொத்தை விற்றுத் தேவையில் இருந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்ததாக வருகிறது பாருங்கள், அதுதான் அந்தச் சொல்லுக்கு விளக்கம்.

இந்த நான்கோடு இயேசு சொன்ன இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மத்தேயு 22இல், கடவுளை முழு இருதயத்தோடு நேசி, உன்னைப் போலப் பிறரையும் நேசி என்கிறார். மத்தேயு 28இன் கடைசியில், எல்லா மக்களையும் சீஷராக்கி, ஞானஸ்நானம் கொடுத்து, நான் கட்டளையிட்டதையெல்லாம் கைக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள் என்கிறார். ஆக, மேலே கடவுளை நோக்கிய ஆராதனை, உள்ளே ஒருவரையொருவர் தாங்குவது, வெளியே உலகத்துக்குப் போவது. சபைக்குச் சபை அழுத்தம் மாறும். 1530இல் மார்ட்டின் லூத்தரைப் பின்பற்றிய லூத்தரன்கள் எழுதிய ஆக்ஸ்பர்க் அறிக்கை, நற்செய்தி சரியாகப் போதிக்கப்பட்டு, ஞானஸ்நானம், திருவிருந்து போன்ற சாக்கிரமெந்துகள் சரியாக வழங்கப்படும் இடமே சபை என்றது. 1964இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பற்றிய ஏட்டில் 'இறைமக்கள்' என்பதற்குத் தனி அதிகாரமே கொடுத்தது. சண்டை போட வேண்டாம், இரண்டும் சேர்ந்தால்தான் படம் முழுமையாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

மூன்றாவது, குறைந்தது ஆறு வாரமாவது போய் உட்காருங்கள்

ஒரு ஞாயிறை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அன்றைக்குப் போதகருக்குத் தொண்டை கட்டியிருக்கலாம், பாடகர் குழுவில் பாதிப் பேர் வராமல் இருந்திருக்கலாம், இல்லை அன்றைக்கு ஏதாவது சிறப்பு விழாவாக இருந்து எல்லாமே அளவுக்கு மீறி அழகாக இருந்திருக்கலாம். ஆறு வாரம் என்றால் சாதாரண நாட்கள் தெரியும்.

போன புதிதில் இரண்டு விஷயங்களில் ஆட்கள் சங்கடப்படுகிறார்கள். ஒன்று காணிக்கைப் பை. அது உங்களிடம் வரும்போது போட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, அடுத்தவரிடம் தள்ளிவிடுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இன்னொன்று திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிர்ந்துகொள்வது. கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பொதுவாக அவர்கள் சபையைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். வேறு பல சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற எவரும் வரலாம், சில இடங்களில் இன்னும் தாராளம். ஆராதனை தொடங்குவதற்கு முன்பே யாரிடமாவது கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இல்லை என்றால் இருந்த இடத்திலேயே அமைதியாக ஜெபித்துக்கொண்டிருக்கலாம், அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவர்கள் அதை அவ்வளவு பெரிய காரியமாக மதிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, இந்த ஆறு வாரத்தில் என்ன கவனிப்பது? யஸ்டின் என்று ஒருவர் ரோமில் இருந்தார், பின்னால் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர். ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் ரோமப் பேரரசருக்கு எழுதிய ஒரு முறையீட்டில், கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கூடி என்னதான் செய்கிறார்கள் என்று விவரித்திருக்கிறார். அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளையோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளையோ நேரம் இருக்கும்வரை வாசிக்கிறார்கள், தலைமை தாங்குபவர் பேசுகிறார், எல்லோரும் எழுந்து நின்று ஜெபிக்கிறார்கள், அப்பமும் திராட்சரசமும் கொண்டுவரப்படுகிறது, மக்கள் ஆமென் சொல்கிறார்கள். அப்புறம் ஒரு வரி வருகிறது, முதல் தடவை படித்தபோது நான் அங்கேயே நின்றுவிட்டேன். வர முடியாமல் போனவர்களுக்கு அந்த அப்பத்தை டீக்கன்மார், அதாவது சபையின் உதவி ஊழியர்கள், எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்கிறார். கிட்டத்தட்ட 1,900 ஆண்டுகளுக்கு முன்னால், சட்டப்படி உயிருக்கே ஆபத்து இருந்த காலத்தில், யார் வரவில்லை என்று பார்த்து, அவர்கள் பங்கைத் தனியே எடுத்து வைத்து, தெருவில் நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். ஆராதனையின் ஒரு பகுதியாகவே அதைச் செய்திருக்கிறார்கள்.

எனவே இதைக் கவனியுங்கள். ஜெப நேரத்தில் நோயாளிகளின் பெயர் வருகிறதா? ஆராதனை முடிந்ததும் யாராவது "அவர் வீட்டுக்கு இன்றைக்குப் போகிறேன்" என்று பேசிக்கொள்கிறார்களா? தனியாக வருகிறவர் தனியாகவே போகிறாரா? சக்கர நாற்காலியில் வருகிறவர் உள்ளே வர வழி இருக்கிறதா? யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பொன்மோதிரம் போட்டவனுக்கு நல்ல இருக்கையும் அழுக்கு உடை போட்டவனுக்குக் காலடியும் காட்டுகிற சபையைக் கண்டிக்கிறார். இருக்கை விஷயம் சின்னது போலத் தெரியும், ஆனால் ஒரு சபையைப் பற்றி அது எவ்வளவோ சொல்லிவிடும். நல்ல உடை போட்டு வந்தபோதும் சாதாரணமாக வந்தபோதும் உங்களுக்குக் கிடைத்த வரவேற்பு ஒன்றாக இருந்ததா என்று நீங்களே யோசித்துப் பார்க்கலாம்.

நான்காவது, போதனை

இதில் நான் அதிகம் சொல்ல மாட்டேன். பிரசங்கத்தின்போது வேதாகமம் திறந்திருக்கிறதா, இல்லை ஒரு வசனத்தை வாசித்துவிட்டு மூடி வைத்துவிட்டு வேறு கதைகள் பேசப்படுகின்றனவா என்று பாருங்கள். பெரோயா பட்டணத்தார் பவுல் பேசியதையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அதற்காக அப்போஸ்தலர் 17 அவர்களைப் புகழ்கிறது. அப்படியிருக்க, நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சரிபார்ப்பதையோ அடுத்த வாரம் வந்து ஒரு கேள்வி கேட்பதையோ எந்தப் போதகரும் குற்றமாக எடுத்துக்கொள்ள வழியில்லை. பேச்சு சுவாரசியமாக இல்லை என்பதற்காக மட்டும் ஒரு சபையை ஒதுக்க வேண்டாம். மேடையில் தடுமாறுகிற சில போதகர்கள் மருத்துவமனைக் கட்டில் பக்கத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது, பணம் எங்கே போகிறது

புதிதாக வந்தவர்கள் கேட்கத் தயங்கும் விஷயம் இதுதான், ஆனால் ஒரு சபை எதை முதலில் வைத்திருக்கிறது என்பது கணக்கில்தான் பச்சையாகத் தெரியும். யஸ்டினின் அதே குறிப்பில் காணிக்கையைப் பற்றியும் இருக்கிறது. வசதியுள்ளவர்கள் தாங்களாக விரும்பியதைக் கொடுக்கிறார்கள், அது தலைவரிடம் சேர்க்கப்படுகிறது, அவர் அதிலிருந்து அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், வெளியூரிலிருந்து வந்து தங்கியிருப்பவர்கள் எல்லோரையும் கவனிக்கிறார். 251ஆம் ஆண்டு வாக்கில் ரோம் ஆயர் கொர்னேலியு எழுதிய ஒரு கடிதத்தில் அந்தச் சபையின் கணக்கே வருகிறது: 46 மூப்பர்கள், 7 டீக்கன்கள், இன்னும் மற்றப் பணியாளர்கள், அவர்களோடு சபை தாங்கிவந்த விதவைகளும் இல்லாதவர்களுமாக 1,500 பேருக்கு மேல். ஊழியக்காரர்களின் எண்ணிக்கையைச் சொன்ன அதே மூச்சில் இந்த 1,500 பேரையும் எண்ணிச் சொல்கிறார் பாருங்கள். அவர்களுக்கு ஒரு பட்டியல் இருந்திருக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம் என்றால், ஆண்டுக் கணக்கு சபையாருக்கு வைக்கப்படுகிறதா என்று கேளுங்கள். யார் தணிக்கை செய்கிறார்கள், காணிக்கையை எண்ணும்போது எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். இது அவிசுவாசம் ஆகாது. எருசலேமில் இருந்த ஏழைகளுக்கு வசூலித்த பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் தனியாகப் போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் கூட வைத்துக்கொண்டார், கர்த்தர் முன்னால் மட்டுமல்ல மனிதர் முன்னாலும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் சொல்கிறார் (2 கொரிந்தியர் 8). பவுலுக்கே அந்த ஏற்பாடு தேவைப்பட்டதென்றால் நம் சபைப் பொருளாளருக்கும் தேவைதான்.

பணத்தைப் பற்றிப் பேசும் இன்னொரு பழைய நூல் டிடாக்கே, பன்னிரு அப்போஸ்தலரின் போதகம் என்பார்கள். மிகவும் பழைய கையேடு, வெகுகாலம் காணாமல் போய், 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு கையெழுத்துப் பிரதி கிடைத்து, 1883இல் அச்சானது. ஊர் ஊராக வரும் அப்போஸ்தலரையும் தீர்க்கதரிசிகளையும் எப்படி நடத்துவது என்று அதில் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது வழிக்கு அப்பம் மட்டும் கொடுங்கள், பணம் கேட்டால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. ஆனால் தேவையில் இருக்கும் மற்றவர்களுக்காகக் கேட்டால் அவனைக் குற்றப்படுத்த வேண்டாம் என்கிறது. தனக்காகக் கேட்கிறானா பிறருக்காகக் கேட்கிறானா என்ற அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்றைக்கும் பயன்படும். கொடுத்தால் இத்தனை மடங்கு திரும்பி வரும், கொடுக்காவிட்டால் சாபம் என்று மிரட்டுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

ஆறாவது, பொறுப்பில் இருப்பவரைப் பார்த்துப் பேசுங்கள்

ஆறு வாரம் முடிந்ததும் போதகரிடமோ மூப்பர் ஒருவரிடமோ அரை மணி நேரம் கேளுங்கள். நான் சிபாரிசு செய்யும் கேள்விகள் இவை. இந்த வருடம் சபை எதற்கு அதிகம் முக்கியத்துவம் கொடுக்கிறது, எதைச் செய்ய வேண்டாம் என்று முடிவெடுத்தீர்கள்? நீங்கள் தவறு செய்தால் உங்களைத் திருத்த யாருக்கு அதிகாரம் இருக்கிறது? பிள்ளைகளோடு வேலை செய்பவர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? ஒருவர் ஒரு மாதம் வராவிட்டால் என்ன நடக்கும்?

கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். எங்கள் கமிட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒலிபெருக்கி மாற்றுவது பற்றி இரண்டரை மணி நேரம் பேசினோம். எந்தப் பக்கம் வைப்பது, எவ்வளவு செலவு, யார் வாங்கி வருவது என்று குரல் உயரும் அளவுக்குப் பேச்சு. எல்லாம் முடிந்து நாற்காலியை மடக்கும்போது ஒருவர், "பின்வாசல் ஓரமா உட்காருவாரே அந்தத் தாத்தா, அவரை யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் இரண்டு பேர் தேடிப்போனால், கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து வாரமாகப் படுக்கையில் இருந்திருக்கிறார். அந்த ஐந்து வாரமும் நாங்கள் ஆராதனை நடத்தியிருக்கிறோம், ஐக்கியத்தைப் பற்றிப் பிரசங்கம்கூடக் கேட்டிருக்கிறோம். நானும் அந்தக் கமிட்டியில் இருந்தவன். அதன்பிறகு எங்கள் கூட்டங்களில் முதல் விஷயமாக, கடந்த மாதம் யார் யார் வரவில்லை, யார் போய்ப் பார்ப்பது என்று எழுதி வைத்தோம். அது முடிந்த பிறகுதான் மற்றது. ஒலிபெருக்கியும் வேண்டியதுதான், எது முதலில் என்பதில்தான் நாங்கள் தவறிவிட்டோம்.

இதே பிரச்சினை முதல் சபையிலும் வந்தது என்பது எனக்கு ஆறுதல். அப்போஸ்தலர் 6இல், கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாடப் பந்தியில் விட்டுப்போகிறார்கள் என்று முறுமுறுப்பு எழுகிறது. அப்போஸ்தலர் அதை மறைக்கவில்லை, புகார் சொன்னவர்களை அடக்கவும் இல்லை. வசனத்தைப் போதிப்பதை விட்டுவிட்டு நாங்கள் பந்தி விசாரிப்பது சரியாகாது, எனவே நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். போதனையும் நிற்கவில்லை, விதவைகளும் விடுபடவில்லை, ஆட்களைப் பிரித்துப் போட்டுவிட்டார்கள். தெரிந்தெடுக்கப்பட்ட ஸ்தேவான், பிலிப்பு முதலான ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். எந்தப் பக்கம் குறை எழுந்ததோ அந்தப் பக்கத்து ஆட்களின் கையிலேயே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. முன்னுரிமை என்று வந்தால் ஒன்றைப் பிடித்து மற்றதை விட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் இந்த அதிகாரத்தை நிதானமாகப் படிக்க வேண்டும்.

ஏழாவது, சிறிய குழு ஒன்றில் சேருங்கள்

வீட்டுக் கூட்டம், ஜெபக் குழு, செல் குரூப், அன்பியம், பெயர் எதுவாகவும் இருக்கட்டும், பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் ஒரு குழு. முந்நூறு பேர் இருக்கும் ஆராதனையில் எவ்வளவு நல்ல மனிதர்கள் இருந்தாலும் எல்லோரையும் எல்லோராலும் கவனிக்க முடியாது. பத்துப் பேரில் ஒருவர் குறைந்தால் இருக்கை காலியாகத் தெரியும். எபிரெயர் 10:25 சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்று சொல்வதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், அதற்கு முந்தின வசனம் அன்புக்கும் நற்செயலுக்கும் ஒருவரையொருவர் ஏவிவிடக் கவனியுங்கள் என்கிறது. ஒருவரையொருவர் கவனிக்க வேண்டுமென்றால் முகம் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும் இல்லையா.

குழுவில் சேர்ந்த முதல் நாளே மனதில் உள்ளதையெல்லாம் கொட்ட வேண்டாம். நீங்கள் சொன்னது அந்த அறையைத் தாண்டிப் போகிறதா என்று சின்ன விஷயங்களில் பாருங்கள். "உங்களுக்காக ஜெபிக்கச் சொல்கிறேன்" என்ற பெயரில் ஒருவருடைய குடும்பப் பிரச்சினை சபை முழுக்கப் பரவுவதை நான் பார்த்திருக்கிறேன், சம்பந்தப்பட்டவர் அதன்பிறகு எந்தக் குழுவுக்கும் வரவில்லை.

எட்டாவது, உறுப்பினராவதும் ஒரு வேலையை ஏற்பதும்

உறுப்பினராகும் முறை சபைக்குச் சபை வேறு. சில இடங்களில் ஞானஸ்நான வகுப்பு, சில இடங்களில் ஞானஸ்நானத்தை உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் சடங்கு, சில இடங்களில் சபையார் முன் ஓர் உறுதிமொழி. அவசரப்பட வேண்டாம், வகுப்புகளில் எல்லாக் கேள்வியையும் கேட்டுவிடுங்கள், அவர்களுடைய விசுவாச அறிக்கையை முழுதாக வாசியுங்கள்.

அப்புறம் வேலை. புதிதாக உற்சாகத்தோடு வருகிறவரைப் பார்த்ததும் நாலு பேர் நாலு பொறுப்பைக் கொண்டுவந்து கையில் வைப்பார்கள். பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, வாலிபர் கூட்டம், கேமரா என்று ஆறே மாதத்தில் ஓய்ந்துபோய் விலகியவர்கள் உண்டு. ஒரே ஒரு வேலையை எடுங்கள், சின்னதாக, ஒரு வருடம் செய்யுங்கள். 1 கொரிந்தியர் 12இல் பவுல் சபையை உடலுக்கு ஒப்பிடும்போது, பலவீனமாகத் தோன்றும் உறுப்புகள்தான் அதிகம் தேவை என்கிறார். என்ன வேலை என்று தெரியாவிட்டால், நடமாட முடியாத ஒருவரை மாதம் இருமுறை போய்ப் பார்க்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அந்த வேலைக்கு ஆள் இருக்காது.

சபைக்கு வெளியே இருப்பவர்களையும் மறந்துவிடாதீர்கள். 362ஆம் ஆண்டு வாக்கில் ஜூலியன் என்ற ரோமப் பேரரசர், கிறிஸ்தவத்தை விட்டுப் பழைய தெய்வங்களுக்கே திரும்பியவர், தன் பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் குறைப்பட்டுக்கொள்கிறார் (கிறிஸ்தவர்களைக் கலிலேயர் என்றுதான் அவர் சொல்வார்): இந்தக் கலிலேயர் தங்கள் ஏழைகளை மட்டுமா, நம் ஏழைகளையும் அல்லவா தாங்குகிறார்கள் என்று. சபையை விரும்பாத ஒருவர் கொடுத்த சாட்சி அது. உங்கள் சபை உங்கள் சபையாரல்லாத யாருக்கு என்ன செய்கிறது என்று கேளுங்கள், மதம் மாறினால்தான் உதவி என்ற நிபந்தனை அதில் இருக்கக் கூடாது.

சண்டை வந்தால்

வரும். மனிதர்கள் கூடும் இடம். மத்தேயு 18இல் இயேசுவே வழிமுறை கொடுத்திருக்கிறார். முதலில் தனியாகப் போய் அவரிடமே பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், முதலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் சம்பந்தப்பட்டவரிடம் போகிறார்கள்.

ஆனால் ஒன்றைத் திட்டவட்டமாகச் சொல்கிறேன். பிள்ளைகளிடம் தகாத முறையில் நடப்பது, அடி உதை, பண மோசடி இவையெல்லாம் குற்றங்கள். இவற்றுக்கு மத்தேயு 18ஐக் காட்டி "உள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பாதிக்கப்பட்டவரைப் பத்திரப்படுத்திவிட்டு நேராகக் காவல்துறைக்குப் போங்கள். அதேபோல, குடும்பத்தோடு பேசாதே, மருந்தை நிறுத்து, இந்தச் சபையை விட்டால் இரட்சிப்பு போய்விடும், போதகரைக் கேள்வி கேட்பது கடவுளைக் கேள்வி கேட்பது என்றெல்லாம் சொல்லும் இடத்தில் ஒரு வாரம்கூடத் தங்க வேண்டியதில்லை. மூப்பர்கள் மந்தையை இறுமாப்பாக ஆளக் கூடாது, மாதிரியாக நடக்க வேண்டும் என்று 1 பேதுரு 5 சொல்கிறது.

இது போன்ற பெரிய தவறு எதுவும் இல்லாமல், ஆனால் அன்பு ஆறிப்போன சபைகளும் உண்டு. வெளிப்படுத்தல் 2இல் எபேசு சபையைப் பாருங்கள். உழைப்பு, பொறுமை, கள்ள அப்போஸ்தலரைக் கண்டுபிடிக்கும் கூர்மை, எல்லாம் இருக்கிறது, ஆதியில் இருந்த அன்பு மட்டும் போய்விட்டது. அப்படிப்பட்ட சபையில் நீங்கள் இருந்தால் உடனே கிளம்பிவிட வேண்டாம் என்பேன். எனக்குப் புத்தகத்தை நகர்த்திய அந்த அம்மா மாதிரி ஒரே ஒருவர் போதும், பின்வரிசையின் நிலைமை மாறத் தொடங்கிவிடும்.

இடம் மாறிப் போகும்போது

வேலை, படிப்பு, திருமணம் என்று ஒருநாள் நீங்களே வேறு இடத்துக்குப் போக வேண்டி வரலாம். சொல்லாமல் மறைந்துவிடாதீர்கள், யாரோ உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். போதகரிடம் சொல்லி அடுத்த சபைக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வழக்கம்தான், பெபேயாள் என்ற சகோதரிக்காக ரோமர் 16இன் தொடக்கத்தில் பவுல் அப்படித்தான் எழுதுகிறார், இவரை ஏற்றுக்கொள்ளுங்கள், எந்தக் காரியத்தில் தேவைப்பட்டாலும் உதவுங்கள், இவர் பலருக்கும் எனக்கும்கூட ஆதரவாக இருந்தவர் என்று. கடிதம் வாங்கப் போகும்போது இன்னொரு தாளும் கொண்டுபோங்கள். மாதம் இருமுறை நீங்கள் போய்ப் பார்த்துவந்தவரின் பெயர், வீட்டு முகவரி, எந்த நேரத்தில் போனால் விழித்திருப்பார், எந்தக் காதுப் பக்கம் பேசினால் கேட்கும் என்பதையெல்லாம் அதில் எழுதி, அடுத்து போகப் போகிறவர் கையில் கொடுத்து, கடைசி முறை அவரையும் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.